வேவ்னி கிராண்டன் வாசித்த பிறந்தநாள் வாழ்த்து

2008ஆம் ஆண்டு நவம்பர் 15, சனிக்கிழமை. காலையிலிருந்து பிசுபிசுவென்று மழை. பிற்பகலில் மழை விட்ட பின்னும், நியூயார்க்கில் லிபர்ட்டி அவென்யூவின் தலைக்கு மேல் ஓடும் ரயில் பாலம் தான் குடித்த நீரையெல்லாம் கீழே நடப்பவர்களின் கழுத்துக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலைதான், ரிச்மண்ட் ஹில்லில் நல்ல உடல்நலத்தோடு கோழிக்கறி தின்றுகொண்டிருந்த லட்ச்மன் திவாரி என்பவரை வேவ்னி கிராண்டன் அம்மையார் தொலைக்காட்சியில் சாகடித்தார். அவருக்கு எவ்விதக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. அவர் வாசித்தது பிறந்தநாள் வாழ்த்து.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மையாரின் குரல். அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது முறை.

வேவ்னி பிறந்தது கடல் கடந்த எங்கள் தாய்நாட்டில், பக்ஸ்டன் கிராமத்தில். இளம் வயதிலேயே தலைநகர் ஜார்ஜ்டவுனுக்குப் போய், வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கும் வேலையில் அமர்ந்தார். எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் சாவுச் செய்தி வானொலி வழியாகத்தான் வரும். ஆர்கன் இசை எழுந்தவுடன் பெண்கள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைப்பார்கள். ஆண்கள் ரம் கோப்பையைக் கீழே வைக்காமல், ஆனால் குடிக்காமல், பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு வேவ்னியின் குரல் வரும். இறந்தவரின் முழுப்பெயர், பட்டப்பெயர், பூர்விக ஊர், யாருக்குக் கணவர், எந்தெந்த வெளிநாட்டில் இருக்கும் யார் யாருக்குத் தந்தை என்று வரிசை தவறாமல் வாசிப்பார். பட்டப்பெயர் இல்லாமல் வாசித்தால் யாருக்கும் ஆளைத் தெரியாது. எங்களிடையே ஒருவரின் முழுப்பெயர் பிறந்த அன்றும் இறந்த அன்றும்தான் பயன்படும். இடைப்பட்ட காலம் முழுவதும் பட்டப்பெயர்தான் வாழ்கிறது.

ஆழமான குரல். கிணற்றுக்குள் ஒருவர் செல்லோ வாசிப்பது போல் இருக்கும். அந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்ததால், குரல் அந்த அச்சிலேயே உறைந்துவிட்டது. நியூயார்க்குக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. அவர் தொலைபேசியில் "ஹலோ" என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் "யாரு?" என்று கேட்பார், பேசுவது யார் என்று அல்ல, போனது யார் என்று. ஒருமுறை பேக்கரியில் "ரெண்டு சீஸ் ரோல் குடுங்க" என்றார். வரிசையில் நின்றிருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

வார நாள்களில் அம்மையாருக்கு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஹோவர்ட் பீச்சில் ஓர் இத்தாலியக் கிழவரைக் குளிப்பாட்டி, சூப் ஊட்டி, மாத்திரை கொடுத்து வந்தார். சனிக்கிழமை மாலை மட்டும் ஊதாத் தொப்பி அணிந்து, சமூகத் தொலைக்காட்சி நிலையத்தின் சிறிய அரங்கில், 'மதகு' என்னும் எங்கள் நிகழ்ச்சியின் நாற்காலியில் அமர்வார். சட்னிப் பாட்டு என்னும் எங்கள் துள்ளல் இசை, சமையல், ஊர்ச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அடங்கிய அரைமணி நேர நேரடி ஒளிபரப்பு அது. எழுதி வரும் செய்திகளைப் பிழை திருத்திக் கொடுப்பது என் பொறுப்பு. அன்றைய வாழ்த்திலும் எழுத்துப் பிழையோ தொடர்ப் பிழையோ ஒன்றும் இருக்கவில்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

நிகழ்ச்சியை நடத்துபவர் தன்ராஜ் சுக்கு. பீப்பாயில் அரிசியும் எண்ணெயும் பழைய சட்டைகளும் நிரப்பி ஊருக்குக் கப்பலில் அனுப்பித் தரும் தொழில் அவருடையது. அந்த வாரம் அவர் பெரிய சங்கடத்தில் இருந்தார். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தரும் பேக்கரிக்காரர் வீராசாமி கடுமையாகக் குறை சொல்லியிருந்தார். தம் கல்யாண கேக் விளம்பரத்தை வேவ்னி வாசித்ததைக் கேட்டு, நிச்சயமாகியிருந்த ஒரு மணப்பெண் அழுதுவிட்டாள் என்றும், இன்னொருத்தி கல்யாணத்தையே தள்ளிப்போட்டுவிட்டாள் என்றும் அவர் சொன்னார். இரண்டாவது செய்தியை நான் நம்பவில்லை. தன்ராஜ் நம்பினார்.

ஒளிபரப்புக்கு முன் அவர் அம்மையாரைத் தனியாக அழைத்தார். "மிஸ் வேவ்னி, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கி அந்தப் பிறந்தநாள் வாழ்த்த மட்டும் சிரிச்ச முகமா வாசிச்சிடுங்க. கேக்குறவங்களுக்குக் கேக் திங்கணும்னு தோணணும். இல்லேன்னா அடுத்த வாரம் நம்ம ரொவீனாவ உக்கார வைக்கிறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

ரொவீனா அவருடைய அண்ணன் மகள். எதைப் படித்தாலும் சிரிப்பாள். சுனாமி எச்சரிக்கை என்றாலும் கன்னத்தில் குழி விழும்.

வேவ்னி தலையாட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னார், அதாவது அவரால் இயன்ற அளவு மெதுவாக: "வாரம் பூரா அடுத்தவங்க வீட்டுல 'ஏய், இங்க வா'ன்னுதான் கூப்புடறாங்க. சனிக்கிழமைதான் எனக்குப் பேரு இருக்கு. இந்த நாற்காலிய நான் விடமாட்டேன், சார்."

பேக்கரிக்காரரின் குறை காதுக்கு எட்டியதால், சிரிப்பதற்கு அவர் முன்பே பயிற்சி எடுத்திருந்தார் என்பதும் பிறகு தெரியவந்தது. இத்தாலியக் கிழவரின் முன் நின்று வாரம் முழுவதும் சிரித்துக் காட்டியிருக்கிறார். கிழவர் மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து போய், பல்வலிக்கு வைத்திருந்த பனிக்கட்டிப் பையை எடுத்து வந்து கொடுத்தாராம்.

வாழ்த்துக்கு உரியவர் லட்ச்மன் திவாரி. பட்டப்பெயர் கில்பாக்கா. அது எங்கள் கரையோரத்து மஞ்சள் மீன். இளமையில் அவருடைய மீசை அந்த மீனின் மீசையைப் போலவே இருபுறமும் தொங்கியதாம். அன்று அவருக்கு எழுபத்தைந்து வயது நிறைவு. வாழ்த்தை எழுதி அனுப்பியவர் அவர் மனைவி சத்வந்தி. கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார். கில்பாக்கா கோட்டு அணிந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் அது: கறுப்பு வெள்ளை, கடவுச்சீட்டுக்காக எடுத்தது, கண்கள் எதிரே எதையும் எதிர்பார்க்காமல் நின்றன. படம் வறண்டிருக்கிறதே என்று தன்ராஜ் தாமே அதைச் சுற்றி வெள்ளை ரோஜாக்களால் ஒரு சட்டம் போட்டார். அது அழகாக இருப்பதாக நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

நேரம் வந்தது. திரையில் ரோஜாக்களுக்கு நடுவே கில்பாக்கா தோன்றினார். வேவ்னி பற்களெல்லாம் தெரியச் சிரித்தார். ஆனால் திரையில் அப்போது அவர் முகம் இல்லை. குரல் மட்டுமே இருந்தது.

"லியோனோரா ஊரைப் பூர்விகமாகக் கொண்டவரும், ரிச்மண்ட் ஹில், நூற்றுப் பதினெட்டாம் தெருவில் வசித்து வருபவரும், கில்பாக்கா என்று அனைவராலும் அன்போடு அழைக்கப்படுபவருமான லட்ச்மன் திவாரி அவர்கள்..."

இங்கே அம்மையார் மூச்சு வாங்கினார். சிரித்துக்கொண்டே வாசிப்பதால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"சத்வந்தியின் அருமைக் கணவர். டொரண்டோவில் வசிக்கும் ஹேம்வந்தியின் பாசமிகு தந்தை. காலஞ்சென்ற ராம்கிசூனின் தம்பி. காம்ப்டன் ஐஃபிலின் நீண்ட நாள் டொமினோ தோழர்..."

அதற்குப் பிறகு, அவர் எழுபத்தைந்து வயதை நிறைவு செய்திருக்கிறார் என்றும், அவருக்கு மதகு குடும்பத்தின் இனிய வாழ்த்துகள் என்றும் தெளிவாகவே வாசித்தார். நான் சாட்சி. ஆனால் எங்கள் மக்கள் யாரும் 'அருமைக் கணவர்' என்பதைத் தாண்டிக் கேட்பதில்லை. கணவர் யார் என்று தெரிந்துவிட்டால் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. பிறகு உட்கார்ந்து கேட்பது மரியாதைக் குறைவு. செருப்பைத் தேட வேண்டும், துக்க வீட்டுக்குப் பிஸ்கட் வாங்க வேண்டும், அத்தைக்குச் சொல்ல வேண்டும். எங்கள் குயீன்ஸ் வட்டாரம் முழுவதும் தொலைக்காட்சிகள் ஆளில்லாத அறைகளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தன.

அடுத்த பகுதி நேயர்களின் தொலைபேசி. முதலில் பேசியவர் ஜமைக்கா அவென்யூவிலிருந்து ஒரு பெண்மணி. துக்க வீட்டுக்கு நாற்காலி கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார்.

வேவ்னிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியவுடன் நிமிர்ந்து உட்கார்ந்து, திரு. திவாரி உயிரோடு இருப்பதாக அறிவித்தார். அந்தக் குரலில் அந்தச் செய்தி எப்படி ஒலித்தது என்றால், அவர் ஆன்மா நம்மோடு இருக்கிறது என்று பாதிரியார் சொல்வதைப் போல் ஒலித்தது. "ஆமாம்மா, அப்பிடித்தான் நெனச்சுக்கணும்" என்று சொல்லி அந்தப் பெண்மணி மூக்கைச் சிந்தினார்.

அடுத்து வந்தவர் ஓர் ஆண். கரகரப்பான குரல். "மிஸ் வேவ்னி, நான் லட்ச்மன் திவாரி பேசறேன்."

அம்மையார் பதற்றத்தில் இருந்தார். பதற்றம் வந்தால் மனிதருக்குப் பழைய பழக்கம்தான் கைகொடுக்கும். "எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றார். "இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?"

"நான்தாம்மா அவரு."

"நீங்க கில்பாக்காவா?"

"இன்னும் கில்பாக்காதான். வீட்டுக்கு முன்னால காருங்க வந்து நின்னுட்டே இருக்கு. சத்வந்தி பன்னெண்டு பேருக்குத்தான் சமைச்சிருக்கா. எதாவது செய்யுங்க."

ஒளிபரப்பு முடிந்தவுடன் தன்ராஜின் வேனில் நாங்கள் மூவரும் கிளம்பினோம். வழியில் தன்ராஜ் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: அடுத்த சனிக்கிழமை ரொவீனா. வேவ்னி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூற்றுப் பதினெட்டாம் தெருவில் கார்கள் இரட்டை வரிசையில் நின்றன. வீட்டின் படிகளில் காப்பிப் பானையும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மடக்கு நாற்காலிகளுமாக மக்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கில்பாக்காவே நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றார். முதலில் வந்த அவருடைய மச்சினி ருக்மின் அவரைக் கண்டு அலறிக் கையிலிருந்த காப்பியை அவர் மேலேயே ஊற்றிவிட்டதாகக் கேள்வி. அவர் சட்டையில் சான்று இருந்தது. பின்னால் வந்தவர்களுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"சாகலைன்னா முன்னாடியே சொல்றதில்லையா அங்கிள்?" என்று ஒருவர் கேட்டார். "பிரான்க்ஸ்லேர்ந்து மூணு ரயில் மாறி வர்றேன்."

"மன்னிச்சுக்கப்பா," என்றார் கில்பாக்கா. "உள்ள வா. கோழிக்கறி இருக்கு."

"கறியெல்லாம் வேணாம். துக்கத்துக்கு வந்தவனுக்குக் காப்பி குடுங்க, அது போதும்."

துக்கச் சடங்கு செய்யும் பண்டிட்டும் வந்திருந்தார். எதையாவது வாசிக்காமல் திரும்பினால் அவருக்குச் சரிவராது. உயிரோடு இருப்பவருக்குப் பொருத்தமான பகுதி எது என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கடைசியில் பிறந்தநாள் கேக்கின் மேல் பூப் போட்டு ஆசீர்வதித்தார். முற்றத்துத் தார்ப்பாய்க்கு அடியில் டொமினோ ஆட்டம் தொடங்கிவிட்டது; எங்கள் துக்க வீடுகளில் விடிய விடிய ஆடும்போது அடிப்பது போலவே மேசை அதிரக் கட்டைகளை அடித்தார்கள்.

காம்ப்டன் ஐஃபில் வந்தது அப்போதுதான். ஓய்வு பெற்ற பேருந்து மெக்கானிக். டொமினோவில் கில்பாக்காவுக்கு நாற்பது ஆண்டுப் பகையாளி. காது மந்தம். வந்த வேகத்தில் யாரையும் பார்க்கவில்லை. யார் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார்.

"கில்பாக்கா மாதிரி ஒரு ஆட்டக்காரன இனிமே பாக்க முடியாது. நான் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பாதி ஆட்டம் அவன் விட்டுக்குடுத்தது. மீதி ஆட்டத்துல நான் கட்டைய மடியில ஒளிச்சு வச்சிருந்தேன்."

சமையலறை வாசலில் கோழிக்காலோடு நின்றிருந்த கில்பாக்கா முன்னால் வந்தார். "இன்னொரு தடவ சொல்லு, காம்ப்டன். கடைசி வரி எனக்குச் சரியா கேக்கல."

காம்ப்டன் அவரை மேலும் கீழும் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அது செத்தவனுக்குச் சொன்னது. ஒனக்குச் சொன்னதில்ல."

இருவரையும் பிரித்து முற்றத்து மேசையில் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். காம்ப்டனின் மடியில் கைக்குட்டைகூட இருக்கக்கூடாது என்று கில்பாக்கா நிபந்தனை விதித்தார்.

இதற்கிடையில் தன்ராஜ், கூட்டத்தின் முன் மன்னிப்புக் கேட்கும்படி வேவ்னியிடம் சொன்னார். அம்மையார் கூடத்துக்கு நடுவே வந்து தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கே டொமினோ சத்தம் நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். குழந்தையின் வாயில் ஒரு தாய் பிஸ்கட்டை அடைத்தாள்.

"லியோனோரா ஊரைப் பூர்விகமாகக் கொண்ட லட்ச்மன் திவாரி அவர்கள்," என்றார் வேவ்னி, "உயிரோடு இருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

மூன்று பெண்கள் விம்மினார்கள். கில்பாக்காவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்கும்போது நெஞ்சு கரைகிறது என்றார். தன்ராஜ் தலையில் கைவைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன், இந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கேக் விற்பது என்று சத்வந்தியிடம் முறையிட்டார்.

சத்வந்தி அம்மாள் பருப்புப் பூரித் தட்டைக் கீழே வைத்தார். "போன வருஷம் மிஸ் வேவ்னிக்குக் காய்ச்சல்னு ஒங்க ரொவீனாதான் வாசிச்சா. 'லட்ச்மன் அங்கிளுக்கு ஹாப்பி பர்த்டே, உம்மா'ன்னா. நல்லாத்தான் சிரிச்சா. எத்தன பேரு வந்தாங்க தெரியுமா தன்ராஜ்? பக்கத்து வீட்டுப் பூன வந்துச்சு. அதுவும் அன்னாசி டார்ட்டைத் தொடல." பிறகு கூடத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார். "இப்பப் பாரு. அவரோட சித்தப்பா மகனுங்க எல்லாம் வந்திருக்கானுங்க. அவனுங்க இந்த ஊர்லதான் இருக்கானுங்கன்னே எனக்கு இன்னிக்கித்தான் தெரியும்."

மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இஸ்மே அத்தை எழுந்து வந்தார். அவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். வேவ்னியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பொறந்தநாளு ஜனவரியில வருதும்மா. மகன் நியூஜெர்ஸியில இருக்கான். ஆத்துக்கு அந்தப் பக்கம், அவ்ளோதான். நாலு வருஷமா வரல. என்னோடதையும் இதே மாதிரி வாசி. பூ போட்ட சட்டம் வேணும்."

"ஆன்டி, பையன் பயந்துடுவானே," என்றார் தன்ராஜ்.

"பயப்படட்டும்."

அவ்வளவுதான். அவர் பின்னால் வரிசை நின்றுவிட்டது. பிரான்க்ஸிலிருந்து மூன்று ரயில் மாறி வந்தவர், தமக்கு வயது ஐம்பதுதான் என்றாலும் வாழ்த்து வேண்டும் என்றார். தமக்குக் கடன்பட்ட மைத்துனன் ஒருவன் கட்டாயம் வருவான் என்பது அவர் கணக்கு. பண்டிட் தம் பிறந்த நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னார். ருக்மின் தம் பிறந்தநாளைச் சொல்லிவிட்டு, வயதைச் சொல்ல மறுத்தார்.

தன்ராஜ் இன்னும் மசியவில்லை. விளம்பரக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்றார். அந்த விளம்பரக்காரர் வீராசாமி அப்போது மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கையில் ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்டார். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வருவதற்கு வெட்கமாக இருக்கிறதென்றும், ஆனால் வந்தவர்களெல்லாம் வழியில் நின்று வாங்கியதில் கடையில் ஒரு ரொட்டி, ஒரு பிஸ்கட்கூட மிஞ்சவில்லை என்றும் சொன்னார். கில்பாக்காவைக் கண்டதும் ஒருகணம் சுவரைப் பிடித்துக்கொண்டார். நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேவ்னியையும், கூடமெங்கும் இருந்த தம் கடைப் பிஸ்கட் பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன்ராஜின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

அவர்கள் பேசியதில் எனக்குக் கேட்டது, ரொவீனா சட்னிப் பாட்டை அறிவித்தால் போதும் என்று வீராசாமி சொன்னது மட்டும்தான்.

தன்ராஜ் திரும்பி வந்தார். வேவ்னி நாற்காலி நுனியில் தொப்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாரோ கொடுத்த காப்பி தொடப்படாமல் ஆறிப்போயிருந்தது.

"நாற்காலி உங்களோடதுதான், மிஸ் வேவ்னி," என்றார் தன்ராஜ். "ஆனா ஒண்ணு. அடுத்த வாரத்துலேர்ந்து, ஆள் உயிரோட இருக்காருங்கறத மொதல் வரியிலயே சொல்லிடுவீங்களா?"

"இல்ல. கடைசியிலதான் சொல்வேன்."